‘எங்கள்’ என்னும் சொல்: திருச்சபையில் கூட்டுச் செபம் என்றால் என்ன?

“வீட்டிலிருந்து செபித்தாலும் ஆண்டவர் கேட்பார்தானே, பிறகு எதற்காகக் கோயிலுக்கு வர வேண்டும்?” இராமேசுவரம் தீவில் பாம்பன், தங்கச்சிமடம் பக்கத்தில் ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி வகுப்பு எடுக்கிறவர்கள் எல்லாரும் ஆண்டுக்கு ஒருமுறையாவது இந்தக் கேள்வியைச் சந்தித்திருப்பார்கள். ஒன்பதாம் வகுப்போ பத்தாம் வகுப்போ படிக்கும் பிள்ளைகள்தாம் பெரும்பாலும் இதைக் கேட்கிறார்கள். சில நேரம் அது ஞாயிறு காலைத் தூக்கத்துக்கு ஆதரவான வாதம். சில நேரம் உண்மையான ஐயம். எதுவாக இருந்தாலும் அதற்கு முழுமையாகப் பதில் சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம். “கட்டளை இருக்கிறது, வந்துதான் ஆக வேண்டும்” என்று முடித்துவிட்டால், பிள்ளை வரும். கேள்வியும் அதோடு கூடவே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்.

கேட்கிற பிள்ளையின் பக்கம் வேத வசனமும் இருக்கிறது. மத்தேயு நற்செய்தியின் 6-ஆம் அதிகாரத்தில் இயேசு, “நீயோ ஜெபம்பண்ணும்போது, உன் அறைவீட்டுக்குள் பிரவேசித்து, உன் கதவைப் பூட்டி” என்று சொல்கிறார். பலர் பார்க்கும்படி தெருமுனையில் நின்று செபிக்கிறவர்களைக் கண்டித்துச் சொன்னது அது. ஆனால் அதே அதிகாரத்தில், அந்த வசனத்துக்கு மூன்று வசனம் தள்ளி, எப்படிச் செபிக்க வேண்டும் என்று அவர் கற்றுக்கொடுக்கும்போது, முதல் வாக்கியத்திலேயே ‘எங்கள்’ என்ற சொல் வந்துவிடுகிறது. கதவைப் பூட்டிக்கொண்டு தனியே உட்கார்ந்திருக்கிறவனும் “என் தந்தையே” என்று தொடங்காமல், “எங்கள் தந்தையே” என்றுதான் தொடங்க வேண்டும். அறைக்குள் இருப்பவன் ஒருவன். அவன் வாயில் வருகிற சொல்லோ பன்மை. அப்படியானால் அந்த ‘எங்கள்’ யார்? கூட்டுச் செபத்தைப் புரிந்துகொள்ள இந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு போனால் போதும்.

இந்த இடத்தில் தமிழ் நமக்கு ஓர் உதவி செய்கிறது. இலத்தீனிலும் போர்ச்சுகீசியத்திலும் ஆங்கிலத்திலும் தன்மைப் பன்மைக்கு ஒரே சொல்தான் உண்டு. தமிழில் இரண்டு. கேட்கிறவரையும் சேர்த்துக்கொண்டால் ‘நாம்’. அவரை விட்டுவிட்டுச் சொன்னால் ‘நாங்கள்’. கத்தோலிக்கர் “விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே” என்று சொன்னாலும், சீர்திருத்தச் சபையார் “பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே” என்று சொன்னாலும், இரண்டிலும் ‘நம்’ வரவில்லை, ‘எங்கள்’தான் வருகிறது. கடவுளை நோக்கிப் பேசும்போது அவர் அந்தப் பக்கம், மனிதர் எல்லாரும் இந்தப் பக்கம். வழிபாட்டை நடத்துகிறவர் மக்களைப் பார்த்துத் திரும்பும்போது சொல் மாறுகிறது. “மன்றாடுவோமாக” என்கிறார், அது ‘நாம்’ வகை. நாம் மன்றாடுவோம் என்று ஒருவரையொருவர் அழைத்துவிட்டு, எங்கள் மன்றாட்டைக் கேளும் என்று எல்லாரும் ஒரே பக்கமாகத் திரும்பி நிற்பதுதான் கூட்டுச் செபத்தின் அடிப்படை வடிவம்.

வழிபாட்டில் எல்லாமே பன்மையில் வருவதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். திருப்பலியின் (பூசையின்) தொடக்கத்தில் பாவ அறிக்கை செய்யும்போது, கோயில் நிறைய ஆள் இருந்தும் ஒவ்வொருவரும் ‘நான்’ என்றுதான் சொல்கிறோம். “என் பாவமே, என் பாவமே” என்று மார்பில் தட்டிக்கொள்கிறோம். நம்பிக்கை அறிக்கையிலும் ‘நம்புகிறேன்’ என்று ஒருமைதான். செய்த குற்றத்தை ஊர்ப் பொதுவில் கரைத்துவிட முடியாது. நம்பிக்கையையும் எனக்காக இன்னொருவர் வைத்துக்கொள்ள முடியாது. உணவும் மன்னிப்பும் பாதுகாப்பும் கேட்கும்போது மட்டும் ‘எங்களுக்கு’ என்று ஆகிவிடுகிறது. “எங்கள் அனுதின உணவை இன்று எங்களுக்குத் தாரும்” என்று சொல்கிறவன், பக்கத்து வீட்டு அடுப்பு எரியாமலிருப்பதை மறந்துவிட்டுத் தன் சோற்றை மட்டும் கேட்க இந்தச் செபத்தில் இடமில்லை. மூன்றாம் நூற்றாண்டில் கார்த்தேஜ் நகரின் ஆயராக இருந்த சிப்பிரியான் இந்தச் செபத்துக்கு எழுதிய விளக்கத்தில் இதையே சொல்கிறார்: நம் செபம் பொதுவானது, நாம் செபிக்கும்போது ஒருவருக்காக அன்றி மக்கள் அனைவருக்காகவும் செபிக்கிறோம், ஏனெனில் மக்கள் அனைவரும் ஒன்றாயிருக்கிறோம் என்பது அவர் கருத்து.

ஆகவே, பத்துப் பேர் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்து தத்தம் வேண்டுதலைத் தனித்தனியே சொல்லிக்கொள்வது கூட்டுச் செபம் ஆகாது. அது பத்துத் தனிச் செபம். நல்லதுதான், ஆனாலும் வேறு. பத்துப் பேரும் ஒரே ஆளாக நின்று கேட்பதே கூட்டுச் செபம். நம் கடற்கரையில் கரைவலை இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்த வேறுபாட்டை அதிகம் விளக்க வேண்டியதில்லை. வலையின் இரண்டு பக்கக் கயிற்றையும் வரிசையாகப் பிடித்துக்கொண்டு ஆட்கள் நிற்கிறார்கள். ஒவ்வொருவரும் தனக்குத் தோன்றியபோது இழுத்தால் கை தேயுமே தவிர, மீன் சேரும் வலை மடி கரைக்கு வராது. அதற்காகத்தான் அம்பாப் பாட்டு. ஒருவர் ஓர் அடியை எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் அதற்குப் பதில் பாடிக்கொண்டே ஒரே மூச்சில் இழுக்கிறார்கள். கோயிலில் ஒருவர் மன்றாட்டை வாசிக்க, மக்கள் “ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்” என்று பதில் சொல்வதும், செபமாலையில் ஒருவர் முன்பாதியைச் சொல்ல மற்றவர்கள் பின்பாதியைச் சொல்வதும் இதே முறைதான்.

ஆனால் இந்த உவமையை ஓர் எல்லையில் நிறுத்திவிட வேண்டும். கடவுள் வலை அல்லர்; ஆள் கூடினால் அவரை இழுத்துவிடலாம் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. ஆட்சியர் அலுவலகத்தில் கொடுக்கும் மனுவுக்குக் கையெழுத்துச் சேர்ப்பதுபோலச் செபத்துக்கு ஆள் சேர்ப்பதை நான் பார்த்திருக்கிறேன். அதில் எனக்கு உடன்பாடு இல்லை. “இரண்டு பேராவது மூன்று பேராவது என் நாமத்தினாலே எங்கே கூடியிருக்கிறார்களோ, அங்கே அவர்கள் நடுவிலே இருக்கிறேன்” என்று இயேசு சொன்னபோது, எண்ணிக்கையை எவ்வளவு தாழ்த்த முடியுமோ அவ்வளவு தாழ்த்தியிருக்கிறார். ஆனால் ஒன்று என்று சொல்லவில்லை. தனி ஆளின் செபத்தை அவர் கேட்பதில்லை என்பது இதன் பொருள் அன்று. கூடியிருப்பவர்களின் நடுவே தாமும் இருப்பதாக ஒரு வாக்குக் கொடுக்கிறார் என்பதே பொருள். திருச்சபையைக் கிறிஸ்துவின் உடல் என்று பவுல் எழுதுவதும் இதனோடு சேர்த்துப் படிக்க வேண்டியது. கூடிச் செபிக்கும்போது, அந்த உடலின் வாய் பேசுகிறது.

முதல் கிறித்தவர்களின் வாழ்க்கையைத் திருத்தூதர் பணிகள் நூல் இரண்டாம் அதிகாரத்தில் நான்கு செய்திகளில் அடக்கிவிடுகிறது: திருத்தூதரின் போதனை, நட்புறவு, அப்பம் பிட்குதல், செபம். நான்கையுமே அவர்கள் கூடிச் செய்தார்கள். அதே நூலின் 12-ஆம் அதிகாரம் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, ஏனென்றால் அதில் கூட்டுச் செபத்தின் வலிமையோடு அதன் வேடிக்கையும் இருக்கிறது. பேதுரு சிறையில் இருக்கிறார். மாற்கு எனப்படும் யோவானின் தாய் மரியாவின் வீட்டில் பலர் கூடி அவருக்காக இரவில் மன்றாடிக்கொண்டிருக்கிறார்கள். விடுதலையான பேதுரு வந்து கதவைத் தட்டுகிறார். ரோதி என்ற பணிப்பெண் குரலை அடையாளம் கண்டு, மகிழ்ச்சியில் கதவைத் திறக்க மறந்து உள்ளே ஓடிப்போய்ச் சொல்கிறாள். அவருக்காகவே செபித்துக்கொண்டிருந்தவர்கள் “உனக்குப் பைத்தியம்” என்கிறார்கள். அவர்கள் பெரிய விசுவாச வீரர்கள் இல்லை. கேட்டது கிடைத்தபோதுகூட நம்பாதவர்கள். ஆனாலும் கூடியிருந்தார்கள்.

கி.பி. 112-ஐ ஒட்டி, பித்தினியா மாநிலத்தின் ஆளுநர் பிளினி உரோமைப் பேரரசர் திராயானுக்கு எழுதிய கடிதம், கிறித்தவர்கள் குறித்த நாளில் விடியுமுன் கூடி, கிறிஸ்துவைக் கடவுளாகக் கொண்டு மாறி மாறிப் பாடும் வழக்கத்தைச் சொல்கிறது. அவர் கிறித்தவர் அல்லர். குற்றம் விசாரிக்கப் போனவர். அவருக்குப் பட்ட முதல் அடையாளம், இவர்கள் கூடுகிறார்கள் என்பதே. சுமார் 40 ஆண்டுகளுக்குப் பின் உரோமையில் கிறித்தவ அறிஞர் யுஸ்தீன் எழுதிய விளக்கம் இன்னும் விரிவானது. ஞாயிறன்று நகரத்தாரும் நாட்டுப்புறத்தாரும் ஓரிடத்தில் கூடுகிறார்கள், வாசகம் வாசிக்கப்படுகிறது, தலைவர் அறிவுரை கூறுகிறார், பிறகு எல்லாரும் எழுந்து நின்று சேர்ந்து மன்றாடுகிறார்கள், அப்பமும் இரசமும் கொண்டுவரப்படுகின்றன, மக்கள் ‘ஆமென்’ என்கிறார்கள், வர முடியாதவர்களுக்குத் திருத்தொண்டர்கள் பங்கை எடுத்துச் செல்கிறார்கள், காணிக்கை அநாதைகளுக்கும் கைம்பெண்களுக்கும் நோயாளிகளுக்கும் சிறையிலிருப்பவர்களுக்கும் செலவாகிறது. இன்றைக்குப் பாம்பனில் ஞாயிறு பூசைக்குப் போகிறவர் இந்தப் பட்டியலைப் படித்தால், தம் பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பதுபோல உணர்வார்.

நம் கரையில் இந்த வழக்கம் வேர்பிடித்த விதமும் தெரிந்துகொள்ளத் தக்கது. 1542-இல் தூத்துக்குடிப் பக்கத்து முத்துக்குளித்துறைக்கு வந்த இயேசு சபைக் குரு பிரான்சிஸ் சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. மொழி அறிந்தவர்களைக் கொண்டு செபங்களைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்து, கையில் மணியோடு தெருவில் நடந்து பிள்ளைகளைக் கூட்டினார். ஞாயிறுகளில் ஆண், பெண், சிறியவர், பெரியவர் அனைவரையும் ஓரிடத்தில் சேர்த்து, தாம் ஒரு வரி சொல்ல அவர்கள் திருப்பிச் சொல்லும்படி செய்தார். நோயாளி இருக்கும் வீட்டுக்குத் தாம் போக முடியாதபோது பிள்ளைகளை அனுப்பினார். அவர்கள் அந்த வீட்டாரையும் அண்டை அயலாரையும் கூட்டி, நம்பிக்கை அறிக்கையைச் சொல்லிச் செபித்தார்கள். எழுத்தறியாத மக்களுக்கு அது செபமாகவும் இருந்தது, பாடமாகவும் இருந்தது. இந்தியாவில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல், 1578-இல் கொல்லத்தில் வெளிவந்த 16 பக்கத் ‘தம்பிரான் வணக்கம்’, இத்தகைய மக்களுக்காகப் போர்ச்சுகீசியக் குரு அண்டிரிக் அடிகளார் ஆக்கித் தந்த மறைக்கல்விச் சிறு நூல்தான்.

எப்போதும் குருக்கள் கிடைத்தார்கள் என்று சொல்ல முடியாது. மண்டபத்துக்குப் பக்கத்து வேதாளையில் 1549-இல் அந்தோனியோ கிரிமினாலி கொல்லப்பட்டார். இயேசு சபையின் முதல் மறைசாட்சி அவர். 1693 பிப்ரவரி 4-ஆம் நாள் ஓரியூரில் அதே சபைக் குரு அருளானந்தர் (ஜான் தெ பிரிட்டோ) தலை வெட்டப்பட்டார். மதுரை மறைப்பணித்தளத்தில் ஒரு குரு பல ஊர்களைச் சுற்றி வர வேண்டியிருந்ததால், அவர் வராத ஞாயிறுகளில் மக்களைக் கூட்டிச் செபம் சொல்ல உபதேசியார்கள் தேவைப்பட்டார்கள். திருப்பலி இல்லாவிட்டாலும் ஊர் கூடியது, செபம் நின்றுவிடவில்லை. இன்று உபதேசியார் என்ற சொல்லைப் பிள்ளைகள் அதிகம் கேள்விப்படுவதில்லை என்பது எனக்கு வருத்தமே. எத்தனையோ ஊர்களில் சபை கலையாமல் இருந்ததற்கு அவர்களே காரணம்.

ஞாயிறு வழிபாட்டுக்குள் நுழைந்து பார்ப்போம். கத்தோலிக்கத் திருப்பலியில் குரு “மன்றாடுவோமாக” என்று சொன்னவுடன் சற்று நேரம் அமைதி நிலவ வேண்டும். பல இடங்களில் இந்த அமைதி இரண்டு நொடியில் முடிந்துவிடுகிறது. அது பெரிய இழப்பு. அந்த அமைதியில்தான் ஒவ்வொருவரும் தம் வேண்டுதலை மனத்துக்குள் வைக்கிறார்கள். மகளின் தேர்வு, வட்டிக்கடன், கணவனின் குடி, இஞ்சின் பழுது எல்லாம் அங்கே இருக்கின்றன. பிறகு குரு கைகளை விரித்துச் சொல்லும் சபை மன்றாட்டு, அவை அனைத்தையும் ஒன்றாகத் திரட்டி மேலே ஏற்றுகிறது. வீட்டில் கதவைப் பூட்டிச் செய்த செபத்துக்கும் கோயிலில் கூடிச் செய்யும் செபத்துக்கும் பகையில்லை என்பது இந்த இடத்தில் தெளிவாகிறது. முன்னது இல்லாமல் வந்தால், அமைதியில் வைப்பதற்கு ஒன்றும் இருக்காது.

மறையுரைக்கும் நம்பிக்கை அறிக்கைக்கும் பின் வருவது பொது மன்றாட்டு. யுஸ்தீன் காலத்தில் இருந்து, பின்னர் உரோமை வழிபாட்டில் மறைந்துபோய், இரண்டாம் வத்திக்கான் சங்கத்தால் மீண்டும் கொண்டுவரப்பட்ட பகுதி இது. இதற்கு ஒரு வரிசை உண்டு: முதலில் திருச்சபைக்காக, பிறகு நாட்டை ஆள்பவர்களுக்காகவும் உலகின் நலனுக்காகவும், பிறகு துன்பப்படுகிறவர்களுக்காக, கடைசியில் நம் ஊருக்காக. நம் இயல்பு இதற்கு நேர்மாறானது. நமக்கு நம் வீடு முதலில், உலகம் கடைசியில். வரிசையைப் புரட்டி வைப்பதன் மூலம் வழிபாடு நம்மைப் பழக்குகிறது. மன்றாட்டு எழுதப் புதிதாக அழைக்கப்படும் இளைஞர்களுக்கு ஒரு சொல்: அதைச் சொற்பொழிவாக எழுதாதீர்கள், ஆண்டவருக்குச் செய்தி வாசிக்காதீர்கள், திருவிழா உபயதாரருக்கு அதில் நன்றி சொல்லாதீர்கள். “இலங்கைச் சிறையில் இருக்கும் எங்கள் மீனவர்களுக்காகவும், வீட்டில் அவர்களுக்காகக் காத்திருப்பவர்களுக்காகவும்” என்று ஒரு வரி எழுதினால் போதும். மீதியைக் கேட்கிறவர்களின் மனம் நிரப்பிக்கொள்ளும்.

‘ஆமென்’ என்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். அப்படியே ஆகுக என்ற பொருளுடைய எபிரேயச் சொல் அது. ஒருவர் சொன்ன செபத்தில் மற்றவர்கள் கையொப்பம் இடுவது அந்தச் சொல்லால்தான். அதனால்தான் பவுல் கொரிந்தியருக்கு எழுதும்போது, புரியாத மொழியில் நீ நன்றி கூறினால் பக்கத்தில் இருப்பவன் எப்படி ‘ஆமென்’ சொல்வான் என்று கேட்கிறார். இந்தக் கேள்விக்கு நம் ஊரில் நீண்ட காலம் சரியான பதில் இல்லை. இலத்தீன் பூசைக் காலத்தில் குரு பீடத்தில் தம் செபத்தைச் சொல்ல, பெஞ்சில் பாட்டிமார் தமிழில் செபமாலை உருட்டிக்கொண்டிருந்தார்கள். பக்திக்குக் குறைவில்லை, ஆனால் ஒரே கோயிலில் இரண்டு செபம் நடந்தது. 1963 டிசம்பர் 4-இல் வெளியான திருவழிபாடு பற்றிய சங்க ஏடு, மக்கள் முழுமையாகவும் உணர்ந்தும் செயல்முறையிலும் பங்கெடுக்க வேண்டும் என்று சொன்ன பின்பே தமிழ்ப் பூசைக்கு வழி பிறந்தது.

மற்றச் சபைகளில் வடிவம் வேறுபடும். ‘செபம்’ என்று நாம் எழுத, அவர்கள் ‘ஜெபம்’ என்று எழுதுவதிலிருந்தே வேறுபாடு தொடங்கிவிடுகிறது. 1947-இல் உருவான தென்னிந்தியத் திருச்சபையின் மதுரை இராமநாதபுரம் திருமண்டல ஆலயங்களில், அச்சிட்ட ஆராதனை முறைமையைக் கையில் வைத்துக்கொண்டு போதகரும் சபையும் மாறி மாறிச் சொல்கிறார்கள். திருவிருந்து ஆராதனையில் சமாதான வாழ்த்து கையிலிருந்து கைக்குப் பீடத்திலிருந்து கடைசி வரிசை வரை கைமாறி வருவதைப் பார்ப்பது அழகு. பெந்தெகொஸ்தே சபைகளில் எல்லாரும் ஒரே நேரத்தில் அவரவர் சொற்களில் உரத்த குரலில் செபிக்கிறார்கள். முதன்முதலில் கேட்கிறவருக்கு அது இரைச்சலாகத் தோன்றலாம். திருத்தூதர் பணிகள் நான்காம் அதிகாரத்தில் சபையார் ஒருமனப்பட்டுக் குரலெழுப்பியதை அவர்கள் முன்மாதிரியாகக் காட்டுவார்கள்.

கூட்டுச் செபத்தின் தேவை எனக்கு உண்மையில் விளங்கியது ஞாயிறு வழிபாட்டில் அன்று, துக்க வீட்டில். கடலுக்குப் போன படகு குறித்த நேரத்தில் திரும்பாத வீட்டுக்குப் போயிருக்கிறவர்களுக்குத் தெரியும். அந்த வீட்டுப் பெண்ணால் செபிக்க முடியாது. வாய் வராது, வந்தாலும் கடவுள்மேல் கோபமாகத்தான் வரும். அக்கம்பக்கத்துப் பெண்கள் பாயை விரித்து உட்கார்ந்து செபமாலையைத் தொடங்குகிறார்கள். “பாவிகளாயிருக்கிற எங்களுக்காக, இப்பொழுதும் எங்கள் இறப்பின் வேளையிலும் வேண்டிக்கொள்ளும்” என்ற அடி ஐம்பது தடவை வருகிறது. அந்த ‘எங்களுக்காக’ என்ற சொல்லுக்குள் அவளும் இருக்கிறாள், கடலில் இருக்கிறவனும் இருக்கிறான். அவள் ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஆனாலும் அவளுடைய செபம் சொல்லப்பட்டுவிட்டது. தனிச் செபத்தை மட்டுமே நம்பியிருந்தால், மனிதனுக்குச் செபம் மிகவும் தேவைப்படுகிற நாளில் அது அவன் கையை விட்டுப் போய்விடும்.

இதையே வேறு பக்கத்திலிருந்தும் பார்க்கலாம். திருப்பாடல்களில் பாதிக்கு மேல் நம் அன்றைய மனநிலைக்குப் பொருந்தாது. நல்ல மீன்பாடு கிடைத்த வாரத்தில் கோயிலுக்குப் போனால் “என் இறைவா, ஏன் என்னைக் கைவிட்டீர்” என்று 22-ஆம் திருப்பாடலைப் பாடச் சொல்வார்கள். நமக்கு அழுகை இல்லையே, இது பொய்யாகாதா என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பதுண்டு. பொய்யாகாது. அன்றைக்கு அதைப் பாடத் தேவையுள்ளவர் மூன்று வரிசை தள்ளி உட்கார்ந்திருக்கிறார். நாம் அவருக்குக் குரலை இரவல் கொடுக்கிறோம். கப்பலேறிப் போய்ப் பெருங்கடலில் தொழில் செய்கிறவர்கள் புயலில் தத்தளித்து ஆண்டவரைக் கூவியழைப்பதைச் சொல்லும் 107-ஆம் திருப்பாடலை, கடலையே பார்த்திராத ஊர்களிலும் மக்கள் பாடுகிறார்கள். 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் தனுஷ்கோடியைக் கடல் கொண்டபோது அங்கிருந்தவர்களுக்குப் பாட நேரம் கிடைத்திருக்காது. பவளக் கல்லால் கட்டிய அந்த ஊர்க் கோயிலின் சுவர்கள் இன்னும் கூரையில்லாமல் நிற்கின்றன.

செபிக்கக் கூடுவதற்குப் பெரிய கட்டடம் வேண்டும் என்பதில்லை. கத்தோலிக்கப் பங்குகளில் சில பத்துக் குடும்பங்களைச் சேர்த்து அன்பியம் என்று அமைத்திருக்கிறார்கள். மாதத்தில் ஒரு நாள் ஏதேனும் ஒரு வீட்டில் கூடி இறைவார்த்தை வாசித்துச் செபிப்பார்கள். வாயாடாத ஆட்கள் முதன்முதலில் வாய்திறந்து செபிப்பது பெரும்பாலும் இங்கேதான். கடற்பாசி எடுக்கப் போய்விட்டு மாலையில் திரும்பும் ஒரு பெண், கோயில் ஒலிபெருக்கியில் வாசிக்கக் கூச்சப்படுவார். தன் வீட்டுத் திண்ணையில் “சாமி, எங்க தெருவுக்குத் தண்ணி வரணும்” என்று கேட்டுவிடுவார். அடுத்த வாரம் தெரு ஒன்று சேர்ந்து ஊராட்சிக்குப் போனதும் உண்டு.

‘பங்கு’ என்ற சொல்லையும் கொஞ்சம் நிறுத்திக் கவனிக்கலாம். ஒரு பங்குத்தந்தையின் பொறுப்பில் உள்ள ஊர்க்கூட்டத்தைக் கத்தோலிக்கர் பங்கு என்கிறோம். பிடித்து வந்த மீனை விற்றபின் படகுக்கும் வலைக்கும் ஆளுக்கும் பிரிப்பதும் பங்குதான். வலை இழுக்க வந்தவனுக்குப் பங்கு உண்டு. இன்று காய்ச்சலில் படுத்துவிட்டவனுக்கும் ஏதாவது கொடுத்தனுப்பும் வழக்கம் நம்மிடம் இருந்தது. யுஸ்தீன் சொன்ன திருத்தொண்டர்கள் செய்ததும், இன்று நோயாளிகளுக்கு நற்கருணை எடுத்துச் செல்கிறவர்கள் செய்வதும் அதே காரியம். விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். அந்த நாட்களில் கோயிலில் ஆண்கள் பக்கம் நிறைந்திருக்கும். தடை நீங்கியதும் காலியாகும். காலியான இடத்தைப் பார்த்துக் கோபப்படும் குருக்கள் உண்டு. வெறுமையான அந்தப் பெஞ்சைப் பார்த்துக்கொண்டே கடலிலிருப்பவர்களின் பெயரைச் சொல்லி மன்றாடும் குருக்களும் உண்டு. இரண்டாமவர் வழியே எனக்குச் சரியாகப் படுகிறது. அதே நேரம், கரையில் சும்மா இருந்துகொண்டே வராதவர்களுக்கு எபிரேயர் திருமுகம், “சபை கூடிவருதலைச் சிலர் விட்டுவிடுகிறதுபோல நாமும் விட்டுவிடாமல்” என்று முதல் நூற்றாண்டிலேயே எழுதி வைத்திருக்கிறது. வராமல் இருப்பது நம் காலத்துப் புதுப் பழக்கம் இல்லை.

கூடினாலே போதும் என்றும் நினைத்துவிடக் கூடாது. கொரிந்துச் சபையில் வசதியுள்ளவர்கள் முன்னதாக வந்து உண்டு குடித்துவிட, ஏழைகள் பசியோடு நின்றார்கள். நீங்கள் கூடிவருவது நன்மைக்கு இல்லை, தீமைக்கே என்று பவுல் கடிந்து எழுதினார். திருவிழாச் சப்பரத்தை எந்தத் தெருவார் முதலில் தூக்குவது என்ற சண்டையில் ஊர் இரண்டாகி, நவநாள் செபத்தை இரு பிரிவாக நடத்திய கதை நம் கரையிலும் உண்டு. காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு என்று இயேசு சொன்னது இத்தகைய நாட்களுக்காகவே. ‘எங்கள்’ என்று சொல்லும்போது யாரை வெளியே விட்டுவிட்டுச் சொல்கிறோம் என்று கேட்டுக்கொள்வது, வழிபாட்டுக்கு வருவதற்கு முன் செய்ய வேண்டிய ஆயத்தம்.

அந்தக் கேள்வி மிகக் கூர்மையாக எழும் இடம் கச்சத்தீவு. அங்கே ஒரு புனித அந்தோணியார் கோயில் உண்டு. தவக்காலத்தை ஒட்டி நடக்கும் இரண்டு நாள் திருவிழாவுக்கு இராமேசுவரத்திலிருந்து படகுகள் போகின்றன. யாழ்ப்பாணப் பக்கத்திலிருந்தும் மக்கள் வருகிறார்கள். 1974 ஒப்பந்தத்தில் தீவு இலங்கைக்குப் போனபோதும் இந்தியப் பயணிகள் சென்றுவரும் உரிமை அதில் எழுதப்பட்டது. போர்க்காலத்தில் பல ஆண்டுகள் அது நடக்கவில்லை. முதல் நாள் மாலை கொடியேற்றமும் சிலுவைப்பாதையும், மறுநாள் காலை திருப்பலியும் நடக்கும். இந்தக் கரையின் விசைப்படகுகள் தங்கள் வலையை அறுத்துப் போகின்றன என்பது அந்தக் கரையாரின் குறை. எங்கள் ஆட்களையும் படகுகளையும் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்பது இந்தக் கரையாரின் குறை. இரு சாராரும் அந்த மணலில் தோளோடு தோள் நின்று, ஒரே தமிழில், “எங்களுக்குத் தீமை செய்பவர்களை நாங்கள் மன்னிப்பதுபோல எங்கள் குற்றங்களை மன்னியும்” என்று ஒன்றாகச் சொல்கிறார்கள். அந்த ‘எங்களுக்கு’ என்ற சொல்லுக்குள் இருப்பவர் யார், தீமை செய்தவர் யார் என்று அந்த நேரத்தில் பிரித்துச் சொல்ல முடியாது. 2024-இல் நம் படகோட்டிகளுக்கு இலங்கை நீதிமன்றம் சிறைத்தண்டனை விதித்ததைக் கண்டித்து இராமேசுவரம் மீனவர்கள் திருவிழாவைப் புறக்கணித்தார்கள். இங்கிருந்து படகு போகவில்லை. அந்த ஆண்டு அந்தச் செபத்தை ஒரு கரை மட்டுமே சொன்னது. 2025 மார்ச்சில் படகுகள் மறுபடி போயின. வலைத் தகராறு அப்போதும் தீர்ந்திருக்கவில்லை.